96 சதவீதம்னு ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி: சி-295 ஒப்பந்தத்தைக் கொஞ்சம் படிப்போம்



மாவட்ட ஐ.டி. விங் பயிற்சிக் கூட்டத்துல நான் பேசினதை எழுத்தா போடச் சொல்லி நிறைய பேர் கேட்டீங்க. பேசின மாதிரியே விட்டிருக்கேன், தேதியும் எண்ணும் மட்டும் சேர்த்திருக்கேன். கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

நம்ம குரூப்கள்ல ரெண்டு ஃபார்வர்ட் சுத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணு, "96 சதவீதம் இந்தியாவிலேயே தயாராகும் ராணுவ விமானம்!" இது எதிர்த்தரப்பு போடறது. இன்னொண்ணு, "நம்ம எச்.ஏ.எல்.லை ஓரங்கட்டிட்டு ஸ்பெயின்காரனுக்கு 21,935 கோடி!" இது நம்ம ஆட்களே போடறது. ரெண்டுலயும் பாதி உண்மை இருக்கு. பாதி உண்மையை வெச்சுக்கிட்டு விவாதத்துக்குப் போனா, எதிர்ல இருக்கறவர் மீதிப் பாதியை எடுத்துக் காட்டி நம்மை உட்கார வெச்சிடுவார். அதனால விஷயத்தை முழுசா பார்த்துடுவோம்.

2021 செப்டம்பர் 24 அன்று பாதுகாப்பு அமைச்சகமும், ஸ்பெயினில் உள்ள ஏர்பஸ் டிஃபன்ஸ் அண்ட் ஸ்பேஸ் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டன. 56 சி-295 விமானங்கள். மதிப்பு ரூ.21,935 கோடி. இதில் 16 விமானம் ஸ்பெயினின் செவில் நகரத்துல செஞ்சு, பறக்கற நிலையில வரணும். மீதி 40-ஐ குஜராத் வதோதராவில் டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் செய்யணும். முதல் 16-ல ஒண்ணாவது 2023 செப்டம்பர்ல விமானப்படை கைக்கு வந்தது, பதினாறாவது 2025 ஆகஸ்ட்ல. வதோதரா ஆலையை 2024 அக்டோபர் 28 அன்று பிரதமர் மோடியும் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸும் சேர்ந்து திறந்து வெச்சாங்க. அங்கிருந்து முதல் விமானம் 2026 செப்டம்பர், கடைசி விமானம் 2031 ஆகஸ்ட் என்பது அட்டவணை.

விமானம் நல்ல விமானம். அதுல சண்டைக்குப் போகாதீங்க. ரெண்டு டர்போபிராப் என்ஜின், 5 முதல் 10 டன் வரை சுமக்கும், 71 வீரர்களோ 50 பாராசூட் வீரர்களோ ஏறலாம். பின்பக்கம் சாய்ஞ்சு இறங்கற கதவு இருக்கறதால வண்டியை நேரா உள்ளே ஓட்டலாம், பறக்கும்போதே சரக்கைக் கீழே இறக்கலாம். சின்ன ஓடுதளத்துலயும் இறங்கும். எல்லையில நிக்கற நம்ம பசங்களுக்கு இது தேவைதான்.

அப்புறம், 21,935-ஐ 56-ஆல வகுத்து "ஒரு விமானம் 391 கோடியா?"ன்னு மீம் போட்டவங்க இருக்கீங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். விமானத்தோட மட்டும் முடியற தொகை இல்லை அது. பயிற்சி, பராமரிப்பு ஏற்பாடுன்னு கூடவே வர்றது நிறைய. அந்த மீமை எடுத்துடுங்க ப்ளீஸ்.

இப்ப கதைக்கு வர்றேன். இந்த 56 எதுக்குப் பதிலா வருது தெரியுமா? ஆவ்ரோ. பிரிட்டன் வடிவமைச்ச எச்.எஸ்.-748. அதை உரிமம் வாங்கி இந்தியாவில் கட்டின முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று கான்பூர்ல பறந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்தினவர் ஹர்ஜிந்தர் சிங். இன்ஜினியரிங் படிச்சிட்டு விமானப்படையில சிப்பாயாச் சேர்ந்து, ஏர் வைஸ் மார்ஷல் வரைக்கும் உயர்ந்த மனுஷர். பிறகு அந்தத் தயாரிப்பு எச்.ஏ.எல். வசம் போனது. விமானப்படைக்கும் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் சேர்த்து மொத்தம் 89 ஆவ்ரோ இங்கே கட்டினோம்.

அதாவது, வெளிநாட்டு விமானத்தை நம்ம மண்ணுல நம்ம ஆட்கள் கட்ட முடியும்னு 60 வருஷத்துக்கு முன்னாடியே காட்டியாச்சு. அப்படின்னா அதே ரகத்து விமானத்துக்கு 2021-ல ஏன் மறுபடியும் வெளிநாட்டு டிராயிங்? 89 விமானம் கட்டின கை, 90-வது விமானத்தைத் தானே வரையலை. வரையச் சொல்லி யாரும் பணமும் கொடுக்கலை, ஆளையும் வளர்க்கலை. அடுத்து ஜெர்மனியின் டோர்னியர்-228 வந்தது. அதுவும் உரிமம், அதுவும் கான்பூர். இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

"எச்.ஏ.எல்.லை ஓரங்கட்டினாங்க" என்பது உண்மையா? உண்மை. ஆனா யார் எப்போ செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க. 2013 மே மாசம் டெண்டர் போனது. வெளிநாட்டு நிறுவனம் வரும்போது இந்தியப் பங்காளியைக் கூட்டிக்கிட்டு வரணும், அந்தப் பங்காளி தனியார் நிறுவனமா இருக்கணும் என்பது நிபந்தனை. அப்போ மத்தியில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சி. அதே அமைச்சரவையில் கனரகத் தொழில் துறையைப் பார்த்துக்கிட்ட பிரஃபுல் படேல், பொதுத்துறையை ஏன் வெளியே நிறுத்தறீங்கன்னு எதிர்ப்பு தெரிவிச்சார். மறுபக்க வாதம், எச்.ஏ.எல். கையில ஏற்கனவே வேலை குவிஞ்சு கிடக்கு, நாட்டுக்கு ரெண்டாவது விமான ஆலை வேணும் என்பது. அந்த வாதத்துலயும் நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். ஒரே கடை இருக்கற ஊர்ல அந்தக் கடைக்காரர் சொன்ன நேரம்தான் நேரம்.

ஆனா எனக்கு உறுத்தற இடம் வேற. எட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அழைப்பு போனது. கடைசியில வந்தது ஒரே ஒரு விலைப்புள்ளி, ஏர்பஸ்–டாடா. போட்டிக்கு ஆளே இல்லாத டெண்டரை 2015 மே மாசம் பாதுகாப்புத் துறையின் கொள்முதல் குழு ஏத்துக்கிட்டுது. அப்போ ஆட்சி மாறிடுச்சு. அதுக்கப்புறம் கையெழுத்தாக ஆறு வருஷம். ரெண்டு ஆட்சிக்கும் இதுல பங்கு இருக்கு. மேடையில நின்னு ஒரே ஒரு தலைவர் மேல பழியைப் போட்டா, கைத்தட்டு கிடைக்கும், கமெண்ட்ல மாட்டிக்குவோம். ஒரே ஆள் வந்த ஏலத்துல விலையை எப்படி முடிவு பண்ணினீங்க, பங்காளிக்கிட்ட எதை எதைக் கேட்டு வாங்கினீங்க? இந்தக் கேள்வியைக் கேளுங்க. இதுக்குக் கட்சி வித்தியாசம் பார்க்காம பதில் சொல்லியாகணும்.

சரி, அந்த 96.

பாதுகாப்பு அமைச்சகத்தோட செய்திக்குறிப்பைப் பொறுமையாப் படிச்சா என்ன இருக்கு? ஏர்பஸ் தன் ஸ்பெயின் ஆலையில ஒரு விமானத்துக்குச் செலவழிக்கற மனித உழைப்பு நேரம் இருக்கில்ல, அதுல 96 சதவீதத்தை இந்தியாவில் டாடா தரப்பு செய்யும். கவனிங்க. வேலை நேரம். அதுவும் ஏர்பஸ் தன் ஆலையில செய்யற வேலையோட நேரம். இந்த விமானத்தோட என்ஜினை ஏர்பஸ் செய்யறதில்லை, பிராட் அண்ட் விட்னி கனடா செய்யுது. அப்போ என்ஜின் அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. அதே குறிப்புல இன்னொரு வரி இருக்கு: என்ஜின், லேண்டிங் கியர், ஏவியானிக்ஸ் போன்ற அமைப்புகளை ஏர்பஸ் கொடுக்கும், டாடா பொருத்தும்.

புரியற மாதிரி சொல்றேன். கல்யாண வீட்டுச் சமையல். அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ், அண்டா எல்லாம் வெளியிலிருந்து வந்து இறங்குது. மெனுவும் அவங்க கொடுத்தது. காய் நறுக்கறது, கிளறறது, இறக்கறது, பரிமாறறது மட்டும் நம்ம வீட்டு ஆளுங்க. ராத்திரி முழுக்க முழிச்சதுல 96 சதவீதம் நாமதான். செலவுல நம்ம பங்கு 96 சதவீதம்னு சொன்னா பந்தியில உட்கார்ந்தவங்க சிரிப்பாங்க.

அதுக்காக இங்கே ஒண்ணுமே நடக்கலைன்னும் சொல்லக் கூடாது. 13,400-க்கும் மேற்பட்ட உதிரி பாகங்கள், 4,600 துணைத் தொகுப்புகள், ஏழு பெரிய கட்டமைப்புகள் இந்தியாவில் செய்யணும் என்பது ஒப்பந்தம். ஜிக், டூல், டெஸ்டர் வரைக்கும் இங்கே. 56 விமானத்துலயும் மின்னணுப் போர்க் கருவிகள் இந்தியத் தயாரிப்பு. 240 பொறியாளர்களுக்கு ஸ்பெயின்ல பயிற்சி. நேரடியா 600 உயர்திறன் வேலை, மறைமுகமா 3,000-க்கு மேல், அது போக நடுத்தரத் திறன் வேலை இன்னொரு 3,000-ன்னு அரசு சொல்லுது. இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் முழு ராணுவ விமானத்தைக் கட்டறது இதுதான் முதல் தடவை. இதெல்லாம் லாபக் கணக்குல எழுத வேண்டியதுதான்.

நஷ்டக் கணக்கு எங்கேன்னு பார்க்க, இந்த விமானத்தோட பூர்வீகத்தைப் பார்க்கணும். கூட்டத்துல இதைச் சொன்னப்போதான் பின்வரிசையில ஃபோன் பார்த்துக்கிட்டு இருந்தவங்களும் நிமிர்ந்தாங்க.

சி-295 என்பது சி.என்.-235 என்ற பழைய விமானத்தை இழுத்து நீட்டினது. அந்தப் பெயர்ல 'சி' என்பது சி.ஏ.எஸ்.ஏ. என்ற ஸ்பெயின் நிறுவனம், பின்னாடி ஏர்பஸ்ஸுக்குள்ள கலந்தது. 'என்' எதுன்னு நினைக்கிறீங்க? நுர்தானியோ. இந்தோனேசிய அரசு விமான நிறுவனத்தோட அன்றைய பெயர். ஆமா, இன்னைக்கு நாம உரிமம் வாங்கிக் கட்டற விமானத்தோட தாயை வரைஞ்சதுல பாதிப் பங்கு இந்தோனேசியாவுக்கு.

1979-ல ரெண்டு நிறுவனமும் சேர்ந்து ஏர்டெக்னு ஒரு கூட்டு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. சரிபாதி. இந்தோனேசியா பக்கம் இதை நடத்தினவர் ஹபிபி. ஜெர்மனியில படிச்சு, அங்கேயே விமான நிறுவனத்துல பெரிய பதவியில இருந்துட்டு, நாட்டுக்குத் திரும்பி வந்த பொறியாளர். 1976-ல தொடங்கின கம்பெனி, மூணே வருஷத்துல ஸ்பெயின்கிட்ட போச்சு. "சேர்ந்து வரைவோம்"னு கேட்டுது. 1983 நவம்பர்ல ஸ்பெயினோட மாதிரி விமானம் பறந்தது, டிசம்பர்ல இந்தோனேசியாவோடது. ஒன்றரை மாசம்தான் இடைவெளி.

அங்கே கத்துக்கிட்ட கை சும்மா இருக்கலை. 1995 ஆகஸ்ட் 10, என்-250. இந்தோனேசியாவே வடிவமைச்ச பயணிகள் விமானம், மின்னணு வழிக் கட்டுப்பாட்டோட பறந்தது. அந்தத் தேதியை இன்னைக்கும் அங்கே தேசியத் தொழில்நுட்ப தினமாக் கொண்டாடறாங்க.

பிறகு என்ன ஆச்சு? ஆசிய நிதி நெருக்கடி. 1998 ஜனவரியில ஐ.எம்.எஃப். கடன் கொடுக்கப் போட்ட நிபந்தனைகள்ல ஒண்ணு, விமான நிறுவனத்துக்கு அரசு பணம் கொடுக்கறதை நிறுத்தணும் என்பது. என்-250 அத்தோட நின்னுது. இதை நான் ஏன் மறைக்காம சொல்றேன்னா, இந்தோனேசியாவைச் சொர்க்கமாக் காட்டி ஒரு கார்டு போட்டா, அடுத்த நிமிஷம் ஒருத்தர் வந்து "அந்தக் கம்பெனி என்ன ஆச்சு?"ன்னு கேப்பார். கேக்கட்டும். அந்த நிறுவனம் இன்னும் இருக்கு, பாண்டுங் நகரத்துல சி.என்.-235 கட்டிக்கிட்டுத்தான் இருக்கு. பெரிய கனவு சிதைஞ்சது, கத்துக்கிட்ட வேலை போகலை.

இப்ப கான்பூரையும் பாண்டுங்கையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் வெளிநாட்டுப் பங்காளி இருந்தார். ஒரு இடத்துல 89 விமானம் கட்டினோம். இன்னொரு இடத்துல ஒரு விமானத்தை வரையக் கத்துக்கிட்டாங்க. பிரேசில் இன்னும் சமீபத்திய உதாரணம். 2014-ல ஸ்வீடன்கிட்ட 36 கிரிபென் போர் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டப்போ, 350-க்கும் மேற்பட்ட பிரேசில் பொறியாளர்கள், தொழில்நுட்ப ஆட்கள் ஸ்வீடனுக்குப் போய் வேலையோடயே கத்துக்கணும்னு ஏற்பாடு. ரெண்டு இருக்கை கிரிபென்னை வடிவமைக்கறதுலயே பிரேசில் பங்கு வாங்கிட்டுது.

நம்ம சி-295 ஒப்பந்தத்துல டிராயிங் யார் கையில? ஏர்பஸ். நாளைக்கு விமானப்படை ஒரு கதவை மாத்தணும், இறக்கைக்குக் கீழே ஒரு கருவி தொங்கவிடணும்னா, செவில்ல இருக்கற பொறியாளர் கையெழுத்து வேணும். வதோதராவில் ரிவெட் அடிக்கற நம்ம தம்பிக்கு அந்த ரிவெட் ஏன் அந்த இடத்துல, ஏன் அந்த விட்டத்துலன்னு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. டிராயிங் சொல்லுது, அடிக்கிறான். நான் மெக்கானிக்கல் படிச்சவன். கூடப் படிச்ச ஏரோநாட்டிக்கல் பசங்க பாதிப் பேர் இன்னைக்கு பேங்க் சாஃப்ட்வேருக்கு டெஸ்டிங் பண்றாங்க. அவங்களுக்கு வேலை கொடுக்கறது அந்த "ஏன்"தான். ரிவெட் வேலை ஐ.டி.ஐ. படிச்ச பசங்களுக்கு நல்ல வேலை, மரியாதையான வேலை. ஆனா நாம வருஷா வருஷம் பட்டம் கொடுத்து அனுப்பற பொறியாளர்களுக்கு இந்த ஒப்பந்தத்துல இடம் ரொம்பக் குறுகல்.

என்ஜின் விஷயம் நம்ம சூலூருக்கு நல்லாவே தெரியும். தேஜஸ் படைப்பிரிவுகள் செயல்பட்ட இடம். தேஜஸ் நாமே வரைஞ்ச விமானம், பெருமைதான். ஆனா 2021-ல ஆர்டர் போட்ட 83 தேஜஸ் மார்க்-1ஏ, 2024 மார்ச்ல வர ஆரம்பிச்சிருக்கணும். அமெரிக்காவின் ஜி.ஈ. என்ஜினே 2025 மார்ச்லதான் முதலாவது வந்து சேர்ந்தது. தாமதத்துக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லலை. என்ஜின் இல்லாம மத்ததெல்லாம் தயாரா இருந்து என்ன பண்றதுன்னு கேக்கறேன்.

தமிழ்நாட்டுக்கு இதுல என்ன? வதோதராவுக்கு ஏன் போச்சு, இங்கே ஏன் வரலைன்னு புலம்பறதுல எனக்கு ஆர்வம் இல்லை. மகாராஷ்டிராவில் இதே புலம்பல் 2022-ல நடந்து முடிஞ்சாச்சு. 2019 ஜனவரியில திருச்சியில தொடங்கி வெச்ச பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சின்னு அஞ்சு மையம். கோவை கணபதியில, ஓசூர் சிப்காட்ல சி.என்.சி. மெஷின் வெச்சிருக்கற அண்ணன்கள் மைக்ரான் கணக்குல வேலை செய்யறவங்க. அவங்களால இந்த 13,400-ல பாதியைச் செய்ய முடியாதா? கை முடியும். பேப்பர்தான் முடியாது.

விமான பாகம் செய்ய ஏ.எஸ்.-9100 தரச்சான்று வேணும். வெப்பப் பதப்படுத்தறது, அனோடைசிங் மாதிரி வேலைக்கு நாட்கேப்னு தனிச் சான்று. முதல் உருப்படியை ஒவ்வொரு அளவா எடுத்து ஆவணம் கட்டணும். அலுமினியம் எந்த ஆலையில எந்த பேட்ச்ல வந்ததுன்னு கடைசி வரைக்கும் தடம் காட்டணும். இவ்வளவும் செஞ்சு முடிச்சா ஆர்டர் எவ்வளவு? 40 விமானம், சுமார் அஞ்சு வருஷம். வருஷத்துக்கு எட்டு. ஒரு விமானத்துக்கு ரெண்டு பிராக்கெட் வேணும்னா வருஷத்துக்கு 16 பிராக்கெட். பம்புசெட் உதிரி போடற பட்டறைக்கு அது ஒரு ஷிஃப்ட் வேலை. அந்த 16-க்காக எந்த அண்ணன் கடன் வாங்கி சான்றிதழ் எடுப்பார்? பொதுச் சோதனைக்கூடமும், சான்றுக் கட்டணத்துக்கு உதவியும், ஒரே நிறுவனத்தோட பல விமானங்களுக்கு சேர்த்து ஆர்டரும் கிடைச்சாத்தான் அவர் உள்ளே வர முடியும். நம்ம தொகுதி எம்.பி.கிட்ட மனு கொடுக்கப் போறப்போ "விமான ஆலை வேண்டும்"னு ஒத்தை வரியில எழுதாதீங்க. இதை எழுதுங்க.

இன்னொரு விஷயம் இருக்கு, இதுக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். 2024 பிப்ரவரியில கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் கடல் ரோந்து விமானங்கள் வாங்க பாதுகாப்புத் துறையின் கொள்முதல் குழு முதல்கட்ட ஒப்புதல் கொடுத்துது. சி-295 அடிப்படையில் 15 விமானம்னு செய்திகள் வந்தன. சரக்கு விமானத்துக்குள்ள ரேடார், சென்சார், ஆபரேட்டர் மேசை எல்லாம் வெச்சு வேற விமானமாவே மாத்தற வேலை அது. கட்டமைப்பைத் திரும்பக் கணக்குப் போடணும், எடை சமநிலையைத் திரும்பப் பார்க்கணும், மின்சாரம் எவ்வளவு தேவைன்னு பார்க்கணும், பறக்கவிட்டுச் சோதிக்கணும். அந்த "ஏன்" முழுக்க இந்த வேலைக்குள்ள இருக்கு. அந்த மாற்றத்தை யார் வரையறாங்க? கையெழுத்துப் போடற அதிகாரம் இந்தியப் பொறியாளருக்கு உண்டா? எத்தனை பேர் வடிவமைப்பு மேசையில உட்காருவாங்க, பயிற்சி வகுப்புல இல்லை, மேசையில? ஒப்பந்தத்துக்குள்ள எழுதினாத்தான் இதெல்லாம் உண்டு. கையெழுத்துக்கு அப்புறம் கேட்டா, "அது தனி விலை"ம்பாங்க.

இந்தப் பதிவுக்குக் கீழே ஸ்பெயினைத் திட்டி கமெண்ட் போடாதீங்க தோழர்களே. அவங்க வியாபாரி, வித்தாங்க. கேள்வி எல்லாம் வாங்கற மேசையில உட்கார்ந்திருந்த நம்ம ஆட்களுக்குத்தான்.

அடுத்த ஞாயிறு அதே ஹால், காலை பத்து மணி. பாதுகாப்பு அமைச்சகத்தோட அந்தச் செய்திக்குறிப்பை ஒண்ணா உட்கார்ந்து வரி வரியாப் படிக்கப் போறோம். எல்லாரும் ஃபோன்ல முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டு வாங்க, அந்த ஹால்ல சிக்னல் கிடைக்காது.